பதினைந்து நாள் நடை

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் சும்மா நடந்து போக முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியிருக்கும் எந்த ஊரிலும் இதே கதைதான். தெரிந்தவன் நடந்து போவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவன் ஏறிக்கொள்ள வேண்டும். இரண்டில் எது தவறினாலும் பகைதான். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். அதன்பிறகு ஓசூர், திருப்பூர், ஸ்ரீசிட்டி என்று எட்டு ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். எங்கேயும் எனக்காக ஒருவரும் வண்டியை நிறுத்தியதில்லை. அப்படிப்பட்ட ஊர் ஒன்றில் நைனா பதினைந்து நாள் தங்கியிருந்தால் எங்கள் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அவர் காண்டிராக்ட் ஆள். ஃபர்னஸ் பக்கத்தில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட் பாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கம்பெனி சொல்லும் கிளினிக்கில் மெடிக்கல் பாஸாக வேண்டும். உயரம், எடை, கண், கடைசியாக பிரஷர். நான் ஐந்தாவது படித்த வருடம் அந்தக் கடைசியில் நைனா மாட்டிக்கொண்டார்.

ஃபர்னஸ் பக்கத்தில் தலைசுற்றி விழுந்தால் எடுத்துக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் பிரஷர் இருப்பவனை உள்ளே விடமாட்டார்கள். பழைய பாஸ் முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்ததால் டாக்டர் அதுவரை தவணை கொடுத்தார். மாத்திரை எழுதினார். டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் டென்ஷனும் இறங்கும், பிரஷரும் இறங்கும் என்றார். மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடமுடியாது என்று யாரோ சொன்னதால் நைனா அதை வாங்கவேயில்லை. மிஞ்சியது நடைதான்.

"எட்டு மணி நேரம் நெருப்பாண்ட நின்னுக்கினு கீறேன். ஊட்டுக்கு வந்தும் நடக்கணுமாம். இன்னா டாக்டரு அவரு?"

"வேலை செய்றது வேற, நடக்கிறது வேறன்னு அவரு சொல்றாரு இல்ல? நீ இன்னா டாக்டருக்கு மேல படிச்சவனா?" என்றாள் அம்மா. அவள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். இரண்டு சம்பளத்தில்தான் வீடு நின்றது. ஒன்று போனால் இன்னொன்றால் நிற்காது. அது எனக்கும் தெரியும்.

நைனா நடக்கிறாரா என்று பார்க்க அம்மா என்னை அனுப்பினாள். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் நான் இரண்டாவதாக வந்திருந்தேன். அதனால் இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் தெருமுனை தாண்டி இருநூறு அடி நடந்திருப்போம். பின்னால் வந்த பைக் நின்றது. நைனாவோடு வேலை செய்கிறவர்.

"இன்னாண்ணே, வண்டி ரிப்பேரா? ஏறு."

"இல்லப்பா, சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா?" அவர் என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். "ஊட்ல எதுனா பேஜாரா? பரவால்ல, ஏறு, போய்க்கினே பேசலாம்."

நைனா ஏறினார். என்னையும் தூக்கி முன்னால் உட்காரவைத்தார்கள். டீக்கடை வரைக்கும் போனோம். திரும்பும்போது வேறொருவர் வண்டியில் வந்தோம். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நடந்த தூரம் இருநூறு அடி. அதை நான் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவளே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியதால், நின்ற முதல் வண்டிக்கு நைனா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். அது எங்களுக்குத் தூரத்து உறவு மாமா. வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த மாமாவின் மனைவி எங்கள் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரு வண்டில குந்தமாட்டேன்னாராமே உன் புருஷன்? நாங்க இன்னா தப்பு பண்ணோம், சொல்லு!"

டென்ஷன் குறைய நடக்கிறார் என்று அம்மா விளக்கினாள். அந்த அத்தை நம்பவில்லை. டென்ஷன் இருக்கிறவன் வண்டியில் அல்லவா போகவேண்டும் என்று கேட்டாள்.

பிறகு ஒரு யோசனை செய்தார் நைனா. காரியமாகப் போகிற மாதிரி கையில் காலித் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. வெறும் ஆளுக்கு நின்ற வண்டிகள், கேனோடு போகும் ஆளுக்குக் கட்டாயமாக நின்றன. ஒரு மினி லாரி கூட நின்றது. எங்களுக்குத் தேவையே இல்லாத தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மினி லாரியில் வீடு திரும்பினோம்.

கம்பெனிகளின் பின்பக்கச் சுவரையொட்டி ஒரு மண்பாதை இருந்தது. அங்கே வண்டி வராது. ஆனால் நாய்கள் இருந்தன. அன்றைக்குத்தான் நைனா உண்மையாகவே வேகமாகப் போனார். நாய்களும் இல்லாத நாளில் போன் வரும். காண்டிராக்ட் சூப்பர்வைசர் டபுள் டூட்டிக்குக் கூப்பிடுவார். நைனா நடுப்பாதையில் நின்றுகொண்டு, "உடம்பு சரியில்லைன்னு தானே சார் நடந்துக்கினு கீறேன்!" என்று நரம்பு புடைக்கக் கத்துவார். கத்திவிட்டுப் போய் டபுள் டூட்டியும் பார்ப்பார். போனை வீட்டில் வைத்துவிட்டு வா என்றால் கேட்கமாட்டார். கூப்பிடும்போது எடுக்காவிட்டால் அடுத்தமுறை கூப்பிடமாட்டார்கள் என்பார். அந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பத்து வயதில் எனக்கே பிரஷர் வந்திருக்கும்.

இப்படியே பதினான்கு நாள் போயிற்று. உருப்படியாக நடந்தது மூன்று நாள். பதினைந்தாம் நாள் சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு மெடிக்கல். அம்மா விடியற்காலை ஷிப்ட்டுக்குக் கம்பெனி வேனில் போய்விட்டாள். நைனா சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது நான்தான் அந்த வழியைச் சொன்னேன். ஒரு வாரத்து வீட்டுப்பாடத்தை நான் திங்கட்கிழமை காலையில் ஒரே மூச்சில் எழுதி முடிப்பவள். டீச்சர் கண்டுபிடித்ததே இல்லை. அதே மாதிரி பதினைந்து நாள் நடையையும் இன்று காலையிலேயே முடித்துவிடலாம். கிளினிக் பஜாரில், ஆறு கிலோமீட்டர். ஓடியே போய்விட்டால் கணக்கு சரியாகிவிடும்.

நைனா பொத்தானை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஓடினா எறங்குமா?"

"நடந்தாலே எறங்கும்னு டாக்டர் சொன்னாரு இல்ல? ஓடினா இன்னும் சீக்கிரமா எறங்கும்."

அவர் கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டார். முனையில் இரும்பு வைத்த ஷூ. ஓடினோம். நான் முன்னால், அவர் பின்னால். கழுத்தில் கேட் பாஸ் ஆடிக்கொண்டிருந்தது. நடக்கிறவனுக்கே நிற்கிற ஊரில் ஓடுகிறவனைச் சும்மா விடுவார்களா? எங்கள் பக்கத்தில் ஒருவன் காலையில் கம்பெனி உடுப்போடு ஓடினால், எங்கேயோ யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

"யாருக்குண்ணே இன்னா ஆச்சு? எந்தக் கம்பெனி? ஏறு, ஏறு!"

"ஒண்ணும் ஆவல. நீ போய்க்கினே இரு!"

"ஒண்ணும் ஆவாததுக்கா இந்த ஓட்டம் ஓடற?"

ஒருவர் நம்பாமல் அரை கிலோமீட்டர் கூடவே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். நைனா இரண்டு இடத்தில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கினார். நிற்கக் கூடாது, நின்றால் கணக்கு விட்டுப்போகும் என்று விரட்டினேன். அன்றைக்கு அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது.

கிளினிக் வாசலிலேயே சூப்பர்வைசர் நின்றிருந்தார். லேட் என்று நைனாவை நேராக உள்ளே தள்ளினார். நர்ஸ் அக்கா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். மறுபடி அடித்தார்.

"எதுல வந்தீங்க?"

"ஓடி வந்தேன் மேடம்."

"ஓடியா? யார் சொன்னா?"

நான் கையைத் தூக்கப் போனேன். நைனா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "நானாத்தான் வந்தேன்" என்றார்.

அரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். அந்த அரை மணி நேரமும் நைனா சுவர்க் கடிகாரத்தை விட்டு வேறெதையும் பார்க்கவில்லை. இறங்கவில்லை. மதியம் டாக்டர் வந்து இன்னொருமுறை பார்த்தார். கொஞ்சம் இறங்கியிருந்தது, போதவில்லை. தாளில் 'அன்ஃபிட்' என்று சீல் விழுந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் பேசினார்.

"பாஸைக் குடுத்துருண்ணே. வேற ஆளு போட்டுக்கிறேன். நல்லா ஆனா வா, பாக்கலாம்."

நைனா கழுத்துக் கயிறைத் தலைவழியாகக் கழற்றினார். அது காதில் மாட்டிக்கொண்டது. சூப்பர்வைசரே எடுத்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. வழியில் இரண்டு முறை நிற்காமல் ஓடியிருந்தால் பாஸாகியிருப்பார் என்று உறுதியாக நம்பினேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் நடக்க ஆரம்பித்தார்.

நல்ல வெயில். இரண்டு மணி ஷிப்ட் விட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் நின்றது. நைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கும்பிடவில்லை, காரணம் சொல்லவில்லை. முதல் நாள் எங்களை ஏற்றிக்கொண்ட அந்த பைக் ஆளும் நின்றார். "கோவமாண்ணே?" என்றார். நைனா போய்க்கொண்டே இருந்தார். எனக்குக் கால் கொதித்தது. மெடிக்கல்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் நடந்து யாரிடம் காட்டப் போகிறார்? பதினைந்து நாள் கெஞ்சியும் நடக்காத மனிதர், தேவையில்லாத நாளில் ஆறு கிலோமீட்டரையும் கால் பாவாமல் நடந்தார். நான் ஓடி ஓடித்தான் அவரை எட்ட முடிந்தது.

எங்கள் தெருமுனை வந்தது. அவர் திரும்பவில்லை.

"நைனா, ஊடு தாண்டிட்டோம்."

"நீ போ."

அவர் நேராக ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். நான் வீட்டுக்குப் போனேன். அம்மா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்து, ஒரு காலில் இருந்த செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு? உங்க நைனா எங்க?"

"ஃபெயிலு. பாஸைப் புடுங்கிக்கினாங்க. அது ஏரிக்கரைக்கா நடந்துக்கினே போவுது. எந்த வண்டிலயும் ஏறமாட்டேன்னிச்சு. இப்பதான் அதுக்குப் புத்தி வந்துகீது."

அம்மா செருப்பை உதறிவிட்டு அப்படியே வாசல்படி இறங்கி ஓடினாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. நான் சோறு போட்டுத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனேன்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இருவரும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நைனாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். அம்மாவின் வெறுங்கால் முழுக்க ஏரி மண். கட்டைவிரலில் ரத்தம் காய்ந்திருந்தது.

"நீயும் வாக்கிங் போனியாம்மா?"

"ஆமா" என்றாள்.

செருப்பில்லாமல் வாக்கிங் போகக் கூடாது, பழகாதவர்கள் முதல் நாளே அவ்வளவு வேகமாகவும் போகக் கூடாது என்று அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன்.