மாமனார் வீட்டு வாசலில் ஆறு சுற்று

சைக்கிள் பந்தயத்துக்காகச் சாலையை அடைத்திருக்கிறோம் என்று மைக்கில் மூன்று முறை சொன்னார்கள். அடைத்த லட்சணத்தை நானும் பார்த்தேன். தடுப்பை ஒரு கையால் நகர்த்திவிட்டு, வாழைத்தாரோடு மொபெட்டில் ஒருவர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னாலேயே இரண்டு மாடுகள். கேட்டால், "எங்க ரோடுதானய்யா, அங்கன தோட்டம் கெடக்குல்ல" என்கிறார். என்னத்தைச் சொல்ல!

எனக்கு நாற்பத்து நான்கு வயது. பழனிசெட்டிபட்டியில் எலெக்ட்ரிகல் கடை. விடியற்காலையில் எழுந்து பெரியகுளம் வரை மிதித்துவிட்டு வந்து கடை திறக்கிற ஆள். இந்தப் பந்தயத்தில் ஆறு கிலோமீட்டர் வட்டம் ஒன்றை ஆறு முறை சுற்ற வேண்டும். முன்னால் போகிறவர்கள் ஒரு சுற்று கூடுதலாக அடித்து, பின்னாலிருந்து வந்து நம்மைத் தாண்டிவிட்டால் சிவப்புக் கொடியைக் காட்டி ஓரங்கட்டிவிடுவார்கள். இரண்டு வருடமாக என்னை அப்படித்தான் ஓரங்கட்டினார்கள். கடைசிச் சுற்று தொடங்கும்போது, பந்தயம் தொடங்கி முடிகிற கோட்டில் ஒரு மணி அடிப்பார்கள். எனக்காக அது ஒரு தடவைகூட அடித்ததில்லை. கோப்பை வேண்டாம், பதக்கம் வேண்டாம். ஆறு சுற்றையும் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதைப் பார்க்க முதல் தடவையாக என் மனைவியும் வந்து கோட்டுப் பக்கம் நின்றாள்.

போன இரண்டு வருடமும் தேனிப் பக்கம் நடந்ததை இந்த வருடம் ராயப்பன்பட்டிக்கு மாற்றித் தொலைத்தார்கள். வட்டம் என் மனைவி பிறந்த வீட்டு வாசல் வழியாகப் போகிறது. அவர்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். பதினாறு வருடத்துக்கு முன் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். அன்று கதவைச் சாத்திய மாமனார் எங்கள் இரண்டு பேரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரே வந்தால் பக்கத்துக் கடையின் பெயர்ப் பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். "வேற ரோடே கெடைக்கலையா இவுகளுக்கு?" என்று மனைவி புலம்பினாள். நானும் அதையேதான் கேட்டேன்.

முதல் சுற்றிலேயே கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. திராட்சைத் தோட்டம் தாண்டியதும் எதிர்க்காற்று மூஞ்சியில் அறைந்தது. தன்னந்தனியாக, கடைசி ஆளாக, நாக்குத் தள்ள அந்த வாசலைக் கடந்தேன். மாமனார் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்த்தார். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

இரண்டாவது சுற்றில் பேப்பர் மடிக்கு இறங்கியிருந்தது. மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்: "அண்ணே, கடைசியா வாராகளே, அது ஒங்க மாப்ளதான!" மாமனார் எழுந்து நின்றார். நான்காவதில் நாற்காலி காலி. உள்ளே போய்விட்டார், விட்டது தொல்லை என்று நினைத்தேன். பதினாறு வருடம் எட்டிப் பார்க்காத வாசலை ஒரே காலையில் ஆறு தடவை கடக்கச் சொல்லி வட்டம் போட்டவனை என்ன சொல்லித் திட்டுவது!

ஐந்தாவது சுற்று. மனசுக்குள் கணக்குப் போட்டேன். மூச்சைப் பிடித்து இதே வேகத்தில் போனால், முன்னால் போகிறவர்கள் என்னைப் பிடிப்பதற்குள் கோட்டைத் தொட்டுவிடலாம். தொட்டுவிட்டால் மணி அடிக்கும். வளைவில் திரும்பினேன். நடுரோட்டில் மாமனார். ஒரு கையில் சீவிய இளநீர், மறு கையில் மடிப்புக் கலையாத சால்வை. பின்னால் தெருவே நிற்கிறது.

"ரேஸுங்க! தள்ளுங்க, ரேஸு!" என்று கத்தினேன். மனிதர் அசையவில்லை.

"நம்ம வாசல் வழியா அஞ்சு தடவ போறீக. ஒரு வாய் குடிக்காமப் போனா ஊரு என்ன பேசும்? நில்லுங்க மாப்ள."

மாப்ளயாம்! அட பாவி மனுஷா, பதினாறு வருடம் இருந்ததே, அதில் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? நாளைக்குச் சொன்னால் ஆகாதா? இந்த ஐந்தாவது சுற்றுதானா கிடைத்தது? ஓரமாக ஒதுங்கிப் போக இடம் இருந்தது. போயிருந்தால் அந்தக் கதவு அப்புறம் திறக்கவே திறக்காது. பிரேக்கைப் பிடித்தேன். சால்வையைப் போட்டார். இளநீர் தீரும்வரை விடவில்லை. "உள்ள வழுக்கையும் இருக்கு, வெட்டித் தாறேன்" என்று அரிவாளை வேறு தேட ஆரம்பித்தார். கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கழுத்தில் சால்வை பறக்க மிதித்தேன். கோட்டுக்கு நூறு மீட்டர் இருக்கும்போது பின்னால் விசிலும் கூச்சலும். பத்துப் பேர் கொத்தாக என்னைத் தாண்டிப் போனார்கள். சிவப்புக் கொடி. மணி அடிக்கவில்லை. கொடி பிடித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அதுக்குள்ள மரியாதையெல்லாம் முடிஞ்சிருச்சா சார்?" என்றார். அடிக்கலாம் போல இருந்தது.

மனைவி ஓடி வந்தாள். "யாரு போட்டது இது?"

"ஒங்கப்பா."

மூன்றாவது வருடமும் போச்சே என்ற வயிற்றெரிச்சலில் நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அவள் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"தொடையப் பிடிச்ச இந்த டவுசரோடயா? மொத மொதல்லயா?"

"சால்வய இடுப்புல சுத்திக்கங்க."

சுற்றிக்கொண்டேன். வேறு என்ன செய்ய!

கதவு திறந்துதான் இருந்தது. கோழிக் குழம்பு. மாமனாரே கரண்டியை எடுத்துப் பரிமாறினார். இரண்டாவது தடவை சோறு போட்டபோது, "ஒரு சந்தேகம் மாப்ள" என்று மெதுவாக ஆரம்பித்தார். "ரேஸுல போறவுக யாராச்சும் நிப்பாகளா? எளநிய வாங்கிக்கிட்டு அப்பிடியே போயிருவீகன்னுல்ல நான் நெனச்சேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். பிசைந்த சோறு கையிலிருந்து இலையில் விழுந்தது. "நடுரோட்ட மறிச்சது நீங்க! வழுக்கை இருக்குன்னு அருவாளத் தேடுனது நீங்க! என்ன மாமா நீங்க!"

கத்தி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த மனிதரை நான் அதுவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. மனைவி இலையைப் பார்த்தே குனிந்திருந்தாள். மாமனார் கரண்டியால் சட்டிக்குள் துழாவி ஈரல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தார்.

"அடுத்த வருசம் பாட்டில்ல ஊத்தித் தாறேன்" என்றார்.