ஜெஸி அக்கா வராத காலை

ஜெஸி அக்கா போய்விட்டார்.

நேற்றுக் காலை வழக்கமான நேரத்துக்கு ஆளைக் காணவில்லை. படுத்தபடியே வாயால் சொல்லி அக்காவுக்குப் போன் போட்டேன்... எடுத்தது அவர் கணவர். விடியும்போது நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு என்னை யார் எழுப்புவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் அக்கா...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விபத்தில் கழுத்தில் அடிபட்டதிலிருந்து என் விரல்கள் மடங்காது, நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. ஸ்ரீவராகத்தில் தனியாக இருக்கிறேன், வீட்டிலிருந்தே அக்கவுண்ட்ஸ் வேலை. குளிக்க, உடுத்த, வீல்சேரில் ஏற... எல்லாவற்றுக்கும் ஜெஸி அக்கா. இதையும் வாயால் சொல்லித்தான் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். "எப்படி வேணும்னு நீ சொல்லு மக்ளே, நான் அப்படிச் செய்யுதேன்."

போன வருஷம் எனக்குப் படுக்கைப்புண் வந்தபோது பெங்களூரிலிருந்து அண்ணா வந்தான். ஒரு கேர் ஹோமில் என்னைச் சேர்க்கப் பேசி முடித்துவிட்டே வந்திருந்தான். என்னை வைத்துக்கொண்டே அக்காவிடம் கேட்டான், "இவளுக்கு அங்கே சரிப்பட்டு வருமோ?"

"அவகிட்ட கேளுங்க சார். இங்கதானே இருக்கா."

அண்ணா காபியைத் தொடாமல் எழுந்துபோனான். நான் வீட்டிலேயே இருந்தேன்.

சண்டையும் உண்டு. நான் எழுந்து நடக்கவேண்டும் என்று சர்ச்சில் ஜெபத்துக்குச் சொல்லிவைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்... பேச்சை நிறுத்திவிட்டேன். அவரும் பேசாமலே குளிப்பாட்டினார், பேசாமலே தலைவாரிவிட்டார். ஜெபத்தை நிறுத்தினாரா, தெரியாது.

ஒருமுறை கல்லாற்றங்கரைக்குப் போனோம். காலில் தண்ணீர் விட்டால் எனக்குத் தெரியாதே என்று, இரண்டு கையாலும் அள்ளி என் பிடரியில் ஊற்றினார். அந்தக் குளிர்... கத்திவிட்டேன். பிறகு இன்னொரு தடவை ஊற்றச் சொன்னேன்.

நேற்று மாடி வீட்டுக்காரர்கள்தான் தூக்கி உட்காரவைத்தார்கள். இன்று வேன் பிடித்து பாறசாலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் சர்ச் ஆட்கள் என்னைச் சேரோடு தூக்கி உள்ளே வைத்தார்கள்.

அக்காவை அனுப்பிய ஏஜென்சியில் இப்போதைக்கு வேறு ஆள் இல்லையாம். அண்ணா மறுபடியும் அந்த ஹோம் பேச்சை எடுக்கிறான்.

கிளம்பும்போது அக்காவின் கணவர் என் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நழுவி விழுந்தது. அவருக்குத் தெரியாது, பாவம். குனிந்து எடுத்து, துடைத்து, மறுபடியும் கையிலேயே வைத்தார்.

இனி யாரையும் தூக்க வேண்டாம். நல்லா ரெஸ்ட் எடுங்க அக்கா...