என் அண்ணனை அவர் புகழ்ந்த காலை

என் கணவரும் நானும் சண்டை போட்டுக்கொண்டுதான் மலையேறுவோம். அது எங்கள் ஏற்பாடு. எங்கள் மலையூரான கியா பார்ம் முட்டைக்கோஸைக் கோலாலம்பூர் சந்தையில் இறக்கிவிட்டு, காலையில் வெறும் லோரியோடு திரும்பும்போதுதான் அவருக்குக் கண்ணைச் சொக்கும். காப்பி குடித்தால் ஒதுங்க இடம் தேடுவாரே தவிர தூக்கம் போகாது. கோபம் வந்தால் மட்டும் மனிதர் முழித்துக்கொள்வார். அதனால் எஸ்டேட்டில் எனக்குக் கொழுந்து பறிக்கும் வேலை இல்லாத நாட்களில் நானும் கூடப் போய் அவர் வாயைக் கிளறுவேன்.

கிளற என் அண்ணன் பேச்சு போதும். எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்து அண்ணன் சிரித்துவிட்டார். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள், இவருக்கு இன்னும் ஆறவில்லை. "அந்தாளப் பத்தி எங்கிட்ட பேசாத லா!" என்று ஆரம்பித்தால் மலைமேல் ரிங்லெட் ஊர் வரை தாங்கும்.

அன்றும் அடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"என்ன இருந்தாலும் எங்கண்ணன் தங்கமானவரு."

"ஆமா" என்றார்.

கிண்டலாக்கும் என்று நினைத்தேன். "நம்ம கல்யாணத்துல எல்லாத்தையும் அவருதான இழுத்துப் போட்டுச் செஞ்சாரு?"

"ஆமா... நல்ல மனுசன்."

இவர் வாயில் இப்படி வராதே! திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது, பார்வை இல்லை. முன்னால் வளைவு. லோரி திரும்பாமல் பள்ளத்தைப் பார்த்துப் போனது.

"ஐயோ, பிரேக்கு போடுங்க!" என்று கத்தித் தோளில் ஓங்கி அறைந்தேன்.

லோரி ஓரப் புல்லில் ஏறிக் குலுங்கி நின்றது. என் கதவுக்கு வெளியே மர உச்சிகள்தான் தெரிந்தன.

மெல்லப் பின்னால் எடுத்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டினார். சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். "படுத்துத் தூங்குங்க."

"வீடுதான் கிட்ட வந்திருச்சே" என்று முனகினார். அடுத்த நிமிடம் குறட்டை. பாவம், கூலியாள் வராததால் சந்தையில் எல்லாக் கூடையையும் அவரே இறக்கியிருந்தார். உடம்பு தூக்கத்தைக் கேட்க, நாங்கள் அதற்குச் சண்டையை ஊட்டிக்கொண்டிருந்தோம். வாயைப் பிளந்து தூங்கும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

வெயில் நன்றாக ஏறியபின் எழுந்தார். முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன்.

"எங்கண்ணன நல்ல மனுசன்னு சொன்னீங்க."

"யாரு, நானா? ஒனக்கென்ன கிறுக்கா? அந்தாளப் போயி நல்லவன்னு நான் சொல்லுவனா?"

அவர் திட்டத் திட்ட எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தேன்.