நான்காவது ஷரத்து

பெற்ற தாயின் வீட்டுக்கு ஏழு நாள் தண்ணீரை நிறுத்தவைத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. இன்று செல்போன் எந்த நிபந்தனையைக் காட்டி 'ஏற்கிறேன்' என்று தட்டச் சொன்னாலும் படிக்காமல் தட்டிவிடுகிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு ஒப்பந்தத்தைத்தான் ஊன்றிப் படித்தேன். அதன் பலன் மேலே சொன்னது.

வேங்கிக்கால் பக்கம் அப்போதுதான் மனை போட்டு வீடுகள் எழும்பியிருந்தன. எங்கள் தெருவில் எட்டு வீடு, எல்லாம் ஏதோ ஒரு வகையில் சொந்தம். எட்டுக்கும் சேர்த்து ஒரு போர்வெல், ஒரு மோட்டார். மோட்டார் ரூமை ஒட்டிய குழியில் வீட்டுக்கொரு கேட் வால்வு. ஆளுக்கு அரை மணி நேரம் திறந்துகொள்ள வேண்டும். சண்டை ஓயாததால், பத்திரம் எழுதுகிற பெரியப்பா ஓர் உடன்படிக்கை தயாரித்து, எட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, மோட்டார் ரூம் கதவில் ஒட்டினார். பெரியவர்கள் கையெழுத்து மட்டும் போட்டார்கள். நான் படித்தேன்.

நான்காவது ஷரத்து: 'முறை தவறும் வீட்டாருக்கு ஏழு தினங்கள் தண்ணீர் நிறுத்தப்படும்.'

அது என்னைத்தான் சொல்கிறது என்று நினைத்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்தவரை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அம்மா அன்றாடம் தலையில் குட்டுவாள். "அக்கா இல்லடி, அத்தை முறை ஆவுது உனக்கு. பொண்ணுக்கு முறை சொல்லித் தரலன்னு என்னைத்தான் பேசுவாங்க."

அதற்குத் தண்ணீரையே நிறுத்துவார்களா? கார்த்திகை தீபம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூர் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும். அன்றிலிருந்து தெருவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பெரியம்மா, சித்தப்பா, மாமா என்று முறை வைத்துக் கூப்பிட்டுத் திரிந்தேன். சனிக்கிழமை காலை, கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்து, "அக்கா, கோலம் சூப்பர்" என்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூம் முன்னால் தெருவே கூடியது. எதிர்வீட்டுத் தொட்டி நாலு நாளாக நிரம்பவில்லையாம். பெரியப்பா காகிதத்தைத் தட்டிக்காட்டினார்.

"முறை தவறுனது யாரு? அவங்களே சொல்லிட்டா நல்லது."

அழுதுகொண்டே முன்னால் போனேன். "எங்க வீடுதான், பெரியப்பா."

"எப்போ?"

"நேத்து காலைல. அதுக்கு முன்னாடியும் நெறைய வாட்டி."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டுல தெனம் அதே பேச்சுதான்."

யாரோ சிரித்தார்கள். கடைசி வீட்டுச் சித்தி, "கொழந்த பொய் சொல்லுமா?" என்றாள். அம்மா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். அக்கா என்று ஒருத்தி கூப்பிட்டதற்குப் பெற்றவள் ஏன் இப்படிக் கூனிக்குறுக வேண்டும்?

எங்கள் வால்வைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். மறுநாள் விடியும்போது, குறை சொன்ன அதே எதிர்வீட்டிலிருந்து ஒரு ஹோஸ் பைப் எங்கள் வாசலுக்கு வந்தது. அம்மா தலை நிமிராமல் குடங்களை நிரப்பினாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. தண்டனை கொடுத்தவர்கள் ஏன் தண்ணீரும் கொடுக்கிறார்கள்?

எங்கள் மனை மேட்டில் இருந்தது, எங்கள் அரை மணி நேரத்தில் தொட்டி பாதிகூட நிரம்பாது, அதனால் எதிர்வீட்டு நேரத்தில் அம்மா எங்கள் வால்வையும் அரைச் சுற்று திருகிவைப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வருவதற்குள் தெருவுக்கு முனிசிபல் குழாயே வந்துவிட்டது.

போன மாதம் அந்த எதிர்வீட்டு அத்தையிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தண்ணி முறைய இல்ல, உங்களைக் கூப்பிடற முறைய" என்று, முறை என்ற சொல்லுக்கு உள்ள இரண்டு பொருளையும் உதாரணத்தோடு விளக்கி, மன்னிப்பும் கேட்டேன்.



"அதெல்லாம் சரிடி," என்றார். "இன்னும் அக்கான்னுதானே கூப்பிடற?"