மலை தெரிகிற மாடி

போன வருஷம் மாசி மாதம். என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும் என்றார்கள். ஒன்றரை மாதம் தினமும் வர வேண்டும், நடுவில் விட்டால் வைத்ததெல்லாம் வீண் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். செஞ்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடிகிற உடம்பா அது? அங்கேயே வீடு பிடித்தாக வேண்டும்.

வீடு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கலவை சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் எழுப்பிய மாடி ஒன்றாவது கண்ணில் படும். யாரிடமும் ஒரு உதவி கேட்காமல் வந்தவன். கடைத்தெரு முழுக்க இதைச் சொல்லித் திரிவேன் என்று என் மனைவிக்கு என்மேல் குறை உண்டு. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவிலேயே ஒரு புது அடுக்குமாடியில் வீடு பிடித்தேன். லிஃப்ட், டைல்ஸ், வாசலில் வாட்ச்மேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன், நல்ல வேலை. ராணி மாதிரி வைத்திருக்கிறேன் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஒரு வாரம் போனது. ராணி சாப்பிடவில்லை. தூங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"கரண்டு வெச்சது போதும். ஊருக்குப் போலாம்."

"பைத்தியமா உனக்கு? டாக்டர் இன்னா சொன்னாரு?"

"எழுந்தா கெழக்கு எதுன்னு தெரியல. ஜன்னலத் தொறந்தா செவுரு. கெணத்துக்குள்ள உக்கார வெச்சாப்ல இருக்குது. செத்தாலும் ராஜாகோட்டையப் பாத்துக்குனே சாவறேன்."

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில்கூட ஒரு தடவை தொலைந்துபோகாதவள் இவள். பிறந்ததிலிருந்து பொழுது சாய்வதை எங்கள் செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜாகோட்டை மலைக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறாள். மாடு கட்டுவதும் உலை வைப்பதும் அதன் நிழலைப் பார்த்துத்தான். இவளைச் சென்னையில் நிறுத்த வேண்டுமானால் ஒரு மலை வேண்டும்.

வீட்டுத் தரகரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பெருசு, தண்ணி வருமான்னு கேப்பாங்க, ஸ்டேஷன் பக்கமான்னு கேப்பாங்க. நீ மலை தெரியுமான்னு கேக்குற. மலைக்கு அட்வான்ஸ் தனி!"

சிரித்தாலும் மனுஷன் கூட்டிப் போனார். பல்லாவரம் பக்கம் ஒரு நெருக்கமான தெரு. பழைய வீடு, மாடியில் ஒற்றை அறை, சுவரில் விரிசல். ஆஸ்பத்திரிக்குப் போக ரயிலும் பஸ்ஸும் மாற வேண்டும். செஞ்சியில் இப்படி ஒரு வீட்டை என் ஆட்கள் கட்டியிருந்தால் உதைத்திருப்பேன். ஆனால் மொட்டைமாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை. நம் கோட்டைக்கு முன்னால் அது குட்டிதான். என் மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "பசிக்குது" என்றாள்.

அதன்பின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். மலைக்கு மேலே விமானம் இறங்கும். அதையும் பார்ப்பாள். ஊருக்குப் போகலாம் என்ற பேச்சே இல்லை.

கரண்டு வைப்பதில் இன்னும் பாதி நாட்கள் பாக்கி இருக்கும்போது ஒரு காலையில் எதிர்வீட்டு மொட்டைமாடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தண்ணீர் டேங்க்குக்கு மேடை. அதன்மேல் டேங்க் ஏறினால் மலை போச்சு. நேராகக் கீழே போனேன். அந்த வீட்டுக்காரருக்கு என் மகன் வயது இருக்கும்.

"தம்பி, மேடைய அந்த மூலையில போடுங்க. நான் மேஸ்திரி, சொல்றேன் கேளுங்க" என்றேன்.

"ஏன் சார், என் மாடியில டேங்க் வெக்கறதுக்கு உங்களக் கேக்கணுமா? கொழா இங்கதான் ஏறுது" என்றார்.

அவர் சொன்னது நியாயம். குழாய் ஏறுகிற இடத்தில்தான் நானும் வைப்பேன். காரணத்தைச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி மாடிக்கு ஏறி வந்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரியிலும் ரயிலிலும் அடுத்த வீடு எங்கே தேடுவது என்பதுதான் யோசனை.

சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது பேச்சுக்குரல் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் தன் மாடியில் நின்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெனமும் இன்னாம்மா பாக்குறீங்க?"

"மலையத்தான் தம்பி. கரண்டு வெச்சிட்டு வந்தா ஒடம்பெல்லாம் எரியுது. இதப் பாத்துக்குனு இருந்தா ஊட்டாண்ட இருக்கறாப்ல இருக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். டேங்க் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் மலைப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப்போனார்.

மறுநாள் நாங்கள் திரும்பி வந்தபோது டேங்க் ஏறியிருந்தது. எதிர் மூலையில். முந்தின நாள் மேடை இருந்த இடத்தில் சிமென்ட் கறை மட்டும். அங்கே ஏறிய குழாய், மொட்டைமாடியின் இரண்டு பக்கமும் சுற்றி, சுவரை ஓரிடத்தில் உடைத்து, வளைந்து வளைந்து போய் டேங்க்கில் சேர்ந்திருந்தது.

அந்தக் குழாயின் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது குழாய். எனக்குத் தெரியும், கட்டிய மேடையை உடைத்து இத்தனை வேலை செய்ய எந்த வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார். அடுத்த நாள் காலையில் நன்றி சொல்லப் போனேன். "அம்மா சாப்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கரண்டு முழுதும் முடிந்து அவளோடு ஊர் திரும்பினேன். இன்று நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள். யார் உதவியும் இல்லாமல் வந்தவன் என்று இப்போதும் கடைத்தெருவில் ஆரம்பிப்பேன். பாதியில் அந்தக் குழாய் ஞாபகம் வந்து நிறுத்திவிடுவேன். செஞ்சியில் யாருக்கு மாடி எழுப்பினாலும் இப்போது முதலில் பின்வீட்டு வாசலில் போய் நின்று, அங்கிருந்து கோட்டை தெரிகிறதா என்று பார்க்கிறேன். டேங்க் எந்த மூலையில் என்பது அதற்கப்புறம்தான், ஏனென்றால் எத்தனை வளைவு போட்டாலும் தண்ணீர் வந்து சேர்ந்துவிடும் என்று அந்தத் தம்பிதான் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.