மாதக் கடைசியில் வந்த எண்

"எதுக்கு மேடம் டேட்டாவ மாசக் கடைசிவரைக்கும் சேத்து வெச்சு ஓட்டணும்? வர வரவே ப்ராசஸ் பண்ணலாமே?" சிறுசேரி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள் கேட்டாள்.

அப்போது அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. வேலையிடத்தில் உடம்பில் படும் கதிர்வீச்சைச் சேர்த்து வைக்கும் பேட்ஜ் ஒன்றை அப்பா சட்டையில் குத்தியிருப்பார். மாதக் கடைசியில் எல்லோருடையதையும் மொத்தமாகக் கணினியில் படித்தால்தான் அளவு தெரியும். அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஒருநாள் மறந்து கொண்டுவந்துவிட்டார். நான் ஆசைப்பட்டு அதைக் கவுனுக்குள் ஒளித்துக் குத்திக்கொண்டு, இருமலுக்காக அம்மாவோடு செங்கல்பட்டு போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். மறுநாள் பேட்ஜ் அப்பாவோடு வேலைக்குத் திரும்பியது.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எண் வந்தது, வழக்கத்தைவிடப் பல மடங்கு. அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அம்மா அவர் தட்டைத் தனியே வெந்நீரில் கழுவினாள். என்னை அவர் பக்கத்திலேயே விடவில்லை.

"இன்னாய்யா பண்ண அங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் பண்ணலமே. நம்பு."

நான்காம் நாள் அழுதுகொண்டே சொன்னேன். "எக்ஸ்ரே ரூம்ல அது எங்கிட்டதாம்ப்பா இருந்துச்சு."

அப்பா என்னைத் திட்டவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார். அன்றிரவு அவள் எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக அடுக்கி வைத்தாள். அவர் தன் தட்டை மட்டும் உருவி எடுத்து, தானே கழுவித் தனியே வைத்தார்.

"பண்ணலாம்," என்றேன் புதிதாகச் சேர்ந்தவளிடம். அப்பா இன்றைக்கும் அந்தத் தட்டை யாரையும் கழுவ விடுவதில்லை.