கல்லூரி முத்திரையில் ஒரு புள்ளி

செவிலியர் கல்லூரியின் முத்திரை இரண்டு பித்தளைத் தகடுகள். மேல்தகட்டில் கல்லூரியின் பெயர் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். கீழ்த்தகட்டில் அதே எழுத்துகள் மேடாக நிற்கும். நடுவில் தாளை வைத்துப் பிடியை அழுத்தினால் பெயர் புடைத்து எழும், மை வேண்டாம். கல்லூரி தொடங்கிய நாளில் எடுத்த பதிவு, அலுவலகப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

என் சித்தி அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அந்தப் பிடி அவர் கைக்கு வந்தது. இருபத்தாறு வருடம் அவரிடமே இருந்தது. மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் 'அமுக்கு அம்மா'.

புதுக் கட்டடத்துக்கு மாறிய அன்று, முத்திரையை அணைத்துக்கொண்டு படியேறியவர் கைநழுவ விட்டுவிட்டார். வெளியே கீறல்கூட இல்லை. மறுநாள் வெற்றுத் தாளில் அழுத்திப் பார்த்தால், 'கல்லூரி' 'கலலூரி' ஆகியிருந்தது. கீழ்த்தகட்டில் புள்ளி உடைந்திருந்தது. சித்தப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடம் அது. வேலை போய்விடும் என்று பயந்து சித்தி வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சான்றிதழையும் கவிழ்த்துப் போட்டு, மை தீர்ந்த பேனா முனையால் பின்பக்கம் குத்திப் புள்ளியை எழுப்பினார். பதினோரு வருடம்.

சித்தப்பா போய்விட்டார் என்று தொலைபேசி வந்த மதியம், ஒரு தாள் தப்பிவிட்டது.

அது வெளிநாட்டு மருத்துவமனையிலிருந்து சந்தேகத்தோடு திரும்பி வந்தது. அந்தச் சான்றிதழுக்குரிய பெண்ணின் அப்பா தையல்காரர். அளவு நாடா கழுத்தில் தொங்க, பதிவாளர் முன்னால் வந்து நின்றார்.

பதிவாளர் சொன்னார்: “பேரு பட்டியல்ல இருக்குங்க. ஆனா இந்தத் தாள் நம்மது இல்ல. புள்ளி இல்ல பாருங்க. போலீசுக்கு எழுதித்தான் ஆகணும்.”

“ஒரு புள்ளிக்காகவா சார்? எம்பொண்ணு வேலையே போயிடும் சார்.”

கையில் கோப்போடு நின்றிருந்த சித்தி சொன்னார்: “எழுதாதீங்க சார். தாள் நம்மதுதான். முத்திரைதான் உடஞ்சிருக்கு.”

“என்னம்மா உளர்றீங்க? போன வாரம் அடிச்சதுல புள்ளி இருக்கே!”

“அது நான் வச்சது.”

சித்தி அங்கேயே ஒரு தாளை அழுத்திக் காட்டினார். புள்ளி இல்லை. கவிழ்த்துப் பேனாவால் குத்தினார். வந்தது. பதிவாளர் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்போ எம்பொண்ணோடதுதான் அசலு. மத்ததெல்லாம்...” என்று ஆரம்பித்த தையல்காரர், சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்றே வெளிநாட்டுக்குக் கடிதம் போனது. அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. பதிவேட்டின் இரண்டாம் பக்கத்தில் புள்ளியில்லாத பதிவை ஒட்டி, காரணம் எழுதி, சித்தியிடம் கையெழுத்து வாங்கினார்கள். முத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருட மாணவிகளிடமிருந்தும் சான்றிதழைத் திரும்பப் பெற்றுப் புது முத்திரை இட வேண்டும். அதைக் கேட்டு அனுப்பும் கடித உறைகளில் முகவரி எழுதுவதுதான் சித்திக்குக் கொடுத்த கடைசி வேலை.

நானும் அங்கே படித்தவள்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது, சித்தி உறைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“அங்கல்லாம் முத்திரையத் தடவிப் பாத்தாங்களாடி?”

“பாத்தாங்க சித்தி. யாரும் ஒண்ணும் சொல்லல.”

அவர் அந்த உறைகளில் ஒன்றை உருவி நீட்டினார். “தபால் செலவு மிச்சம். உன்னோடது.”

என் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் வைத்த புள்ளி, உறையின் உள்பக்கம் வரை புடைத்திருந்தது.